ஹெட்ஃபீல்டின் கை போகவில்லைங்க

அமெரிக்க மெட்டல் ராக் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கு 1992 தீ விபத்தில் இடது கை செயலிழந்துவிட்டது, அப்போதிருந்து கிட்டார் வாசிப்பது வேறு ஆள் என்று கோவை வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு செய்தி சுற்றுகிறது. தப்புங்க. விபத்து நிஜம்தான், ஆகஸ்ட் 8, கனடாவின் மான்ட்ரியல் நகர மேடையில் வாணவேடிக்கைத் தீ சுட்டதில் இடது கையில், அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கையில், மோசமான தீக்காயம். ஆனால் அதே மாதமே கட்டுப்போட்ட கையோடு பாட வந்துவிட்டார், காயம் ஆறும்வரை மட்டும் அவருடைய கிட்டார் பகுதிகளை ஜான் மார்ஷல் என்ற கிட்டார் கலைஞர் வாசித்தார். இந்தத் தற்காலிக ஏற்பாட்டைத்தான் நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். 2011 அக்டோபர் 30 அன்று, நமக்கு ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கும் பெங்களூரில் நடந்த மெட்டாலிக்கா கச்சேரியில், பாடிக்கொண்டே கிட்டார் வாசித்தது அவரேதான். அந்தச் செய்தியை ஃபார்வர்டு பண்ணியிருந்தால் அழித்துவிடுங்க.