மானியம் பிறகு வரும், துட்டு முதலில் போடணும்

எதிர்வீட்டு மாமி போன வாரம் ஒரு நோட்டீஸை நீட்டினார்கள். மாடியில் சோலார் போட்டால் மானியமாம். "மக்ளே, இது நமக்கும் கிட்டுமா?"

2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டம் அது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் என்றால் 78,000. மாமி முகம் மலர்ந்தது. பேனல் மாட்டி, மீட்டர் வைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பணம் கணக்கில் விழும் என்பதையும் சொன்னேன்.

"அப்போ முதல்ல துட்டு நாமதான் போடணும்லா?"

அதேதான். வங்கியில் கடன் உண்டு. ஆனால் மாமி வீட்டு மின் இணைப்பு இன்னும் செத்துப்போன மாமனார் பேரில் கிடக்கிறது. பத்திரத்தில் நாலு பங்கு. வீடோ ஓட்டு வீடு, ஓட்டைத் தாங்கும் கழுக்கோலில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போகிற குமரி மாவட்டம்தான், என்ன செய்ய.

சரி, சோலாரை விடுவோம். மாமி வீட்டில் இரண்டு பழைய மின்விசிறி, ஒவ்வொன்றும் 75 வாட். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி, அதாவது கரண்டைக் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்தது, 30 வாட்டில் ஓடுகிறது. தினம் 15 மணி நேரம் என்று வைத்தால், ஒரு விசிறிக்கு இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும். மாமி 300 யூனிட் எரிப்பவர்கள்; இரண்டையும் மாற்றினால் பில்லுக்கு 400 ரூபாய்க்குப் பக்கம் மிச்சம். இரண்டரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அந்த ஐயாயிரத்துச் சொச்சத்தை ஒரே நாளில் எடுத்து வைப்பதுதான் சிக்கல்.

அதைக் கரண்ட் பில்லோடு தவணையாக வாங்கினால் என்ன? 2015-இல் டெல்லியில் எல்இடி பல்பை 10 ரூபாய்க்குக் கொடுத்து, மிச்சத்தைப் பில்லில் பிடித்தார்கள். பத்திரமும் பிணையும் கேட்கவில்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது ஒத்துவரும், வீடு மாறும்போது விசிறியைக் கழற்றிக்கொண்டு போகலாம். ஒன்று மட்டும், விசிறித் தவணை பாக்கி என்று ஃபியூஸைப் பிடுங்கக் கூடாது.

100 யூனிட்டுக்குள் இருப்பவர்கள் கதை வேறு. அவர்களுக்குப் பில்லே இல்லை. விசிறி மாற்றினால் மிச்சம் அரசுக்குத்தான். அப்படியானால் அரசே கொடுக்கட்டுமே! மிக்ஸி, கிரைண்டரோடு மேசை விசிறியும் கொடுத்த மாநிலம்தானே இது.

நோட்டீஸை மாமி மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் சீட்டு விழுந்தால் ஒரு விசிறி மட்டும் வாங்குவார்களாம். அதுவும் திண்ணைக்கு இல்லை, பேரன் படிக்கிற அறைக்கு.