கனேஷ்: கழுதைப் பொதியில் எது போனது, எது தங்கியது

"வணிகர்கள் போன இடமெல்லாம் பண்பாடும் கூடவே போனது" என்று வரலாற்றுப் பதிவுகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எது போனது, யார் கையில் போனது, போனது அங்கே வேர் பிடித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அதற்குக் கனேஷைப் போல வாகான இடம் பழைய உலகில் வேறில்லை.

இன்றைய துருக்கியில், கைசேரி நகருக்குப் பக்கத்தில் உள்ள குல்தெபே மேடுதான் கனேஷ். பொ.ஆ.மு. 1950 வாக்கில் அசூர் நகரத்து வணிகர்கள் அங்கே குடியேறியிருந்தார்கள். அசூரின் பெயரால் பின்னாளில் எழுந்த அசீரியா என்றதும் நமக்குப் படையெடுப்பும் கோட்டை இடிப்பும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் பல நூற்றாண்டு பிந்திய கதை. அப்போது அசூர், இன்றைய ஈராக்கில் டைக்ரிஸ் ஆற்றின் கரையில் இருந்த ஒரு சிறு நகர அரசு. அனதோலியாவில், அதாவது கனேஷ் இருந்த இன்றைய துருக்கிப் பகுதியில், அதற்குப் படை கிடையாது. வணிகர்கள் உள்ளூர் அரசர்களோடு ஒப்பந்தம் போட்டு, வரி கட்டிப் பிழைத்தார்கள். அவர்கள் வீடுகளில் கிடைத்த களிமண் ஏடுகள் மட்டும் சுமார் 23,000.

ஒரு கழுதையின் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே இந்த வணிகம் புரிந்துவிடும். ஒரு கழுதைக்குப் பக்கத்துக்கு 65 மினாவாக 130 மினா வெள்ளீயம். மினா என்பது ஏறக்குறைய அரைக் கிலோ, அதில் 60 ஷெக்கல். ஆக மொத்தம் 65 கிலோ. பொதிகளுக்கு அசூரிலேயே முத்திரை வைத்துவிடுவார்கள். வழிச்செலவுக்கும் சுங்கத்துக்கும் பத்துப் பன்னிரண்டு மினா வெள்ளீயம் முத்திரையில்லாமல் தனியாக இருக்கும். அசூரில் ஒரு ஷெக்கல் வெள்ளிக்குச் சுமார் 14 ஷெக்கல் வெள்ளீயம் கிடைக்கும். ஆயிரம் கிலோமீட்டர், ஆறு வாரம் நடந்து கனேஷ் போனால் அதே ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு 7 கொடுத்தால் போதும். அரண்மனை 65-க்கு 2 என்று வரி எடுத்துக்கொள்ளும். மிச்சம் 126 மினாவை விற்றால் 1,080 ஷெக்கல் வெள்ளி. போட்ட முதல் 557. கழுதையின் விலை, தீவனம், ஆள்கூலி போனாலும் கையில் நல்ல காசு நிற்கும். செம்பில் பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தால் வெண்கலம். அனதோலியாவில் செம்பு இருந்தது, வெள்ளீயத்துக்குத்தான் தட்டுப்பாடு. இந்த விலை வித்தியாசத்தின் மேல்தான் மொத்த வணிகமும் நின்றது.

இடறும் இடங்களும் உண்டு. வழியில் கழுதை சாகும். சிற்றரசர்களுக்குள் சண்டை மூண்டால் பாதை அடைபடும். வரிக்குப் பயந்து 'ஒற்றையடிப் பாதை' வழியே சரக்கைக் கடத்தினால் காவலில் மாட்டுவார்கள். பெரிய வணிகரான பூஷு-கென்னையே கடத்தல் சரக்கு விவகாரத்தில் அரண்மனை சிறையில் போட்டதாக ஒரு கடிதம் சொல்கிறது.

வெள்ளீயத்தோடு துணியும் போனது. அதில் ஒரு பகுதியை நெய்தவர்கள் அசூரில் இருந்த பெண்கள். வக்குர்தும் என்ற பெண்ணுக்கு வந்த கடிதத்தைப் படித்தால், சந்தையின் குரல் தறிவரைக்கும் கேட்டது தெரியும்: போன தடவையைவிட ஒரு துணிக்கு ஒரு மினா கம்பளி கூடப் போடு, ஆனால் துணி மெல்லியதாகவே இருக்கட்டும், நீளம் ஒன்பது முழம், அகலம் எட்டு முழம். பூஷு-கென்னின் மனைவி லமாஸ்ஸி அவருக்கே எழுதுகிறாள்: நீங்கள் போன பிறகு ஷாலிம்-அஹும் இரண்டு தடவை வீடு கட்டிவிட்டார், நாம் எப்போது கட்டுவது? நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கேள்வி இது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவக் குறிகளை அழுத்தி எழுதுவது ஆப்பெழுத்து. இந்த வணிகர்கள் நூற்றைம்பதுக்கும் குறைவான குறிகளில் அதைச் சுருக்கி வைத்திருந்தார்கள். எழுத்தரைத் தேடிப் போகாமல் தாங்களே எழுதிக்கொள்ளும் அளவுக்கு எளிமை. கடன் ஏட்டைக் களிமண் உறையில் மூடி, அதன்மேல் முத்திரை உருட்டுவார்கள். கடன் தீர்ந்ததும் அதை உடைத்துவிடலாம். உள்ளூர்க்காரர்களும் கற்றுக்கொண்டார்கள், உள்ளூர் அரசர்களும் இந்த எழுத்தில், இந்த மொழியில் கடிதம் எழுதினார்கள். இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக இது நடந்தது. கலப்பு மணங்களும் ஏராளம். அசூரில் ஒரு மனைவி, அனதோலியாவில் ஒருத்தி என்று இருக்கலாம், இருவருக்கும் ஒரே தகுதி மட்டும் கூடாது. ஒரு பண்பாடு பரவ இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனாலும் வணிகம் நின்றதும் அந்த எழுத்து அனதோலியாவிலிருந்து மறைந்தது. களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் உருளை முத்திரையைப் பழகியவர்கள்கூட, அழுத்திப் பதிக்கும் பழைய அச்சு முத்திரைக்கே திரும்பினார்கள். பிறகு அதே அனதோலியாவில் ஹிட்டைட்டுகள் என்ற மக்கள் பேரரசு கட்டியபோது கையிலெடுத்ததும் ஆப்பெழுத்துதான், ஆனால் அசூர் வணிகர்களின் எழுத்து வடிவம் அதில் இல்லை. வட சிரியாவில் வழங்கிய பாபிலோனிய வடிவம்தான் இருக்கிறது. ஹிட்டைட்டு அரசன் முதலாம் ஹட்டுசிலியின் சிரியப் படையெடுப்புகளோடு அது வந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

கனேஷில் எழுத்து, கணக்கையும் கடனையும் சுற்றியே வாழ்ந்தது என்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கணக்கு முடிந்ததும் அதன் தேவையும் முடிந்தது. சட்டம், வழிபாடு, அரசனின் வெற்றிப் பட்டியல் என்று எழுத ஓர் அரசும், அதற்கென எழுத்தரைப் பயிற்றும் பள்ளியும் வந்த பிறகே எழுத்து அங்கே நிலைத்தது.

எதிர்த்திசையில் போனதையும் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு ஏடுகளில், ஒப்பந்தத்துக்கும் இராத் தங்கலுக்கும் வணிகர்கள் எழுதிய சில சொற்கள் உள்ளூர் மொழியிலிருந்து எடுத்தவை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் சேர்ந்த இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் சொற்களில் மிகப் பழையவை அவைதாம். ஹட்டுசாவைத் தலைநகராக வைத்து ஆண்ட ஹிட்டைட்டுகளும் தங்கள் மொழியை ஹட்டுசாவின் பெயரால் அழைக்கவில்லை. அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'நெஷிலி', நெஷாவின் மொழி. நெஷா என்பது கனேஷ்.