விலங்கியல் துறையில் கிடந்த 141 டேப்புகள்

இணையத்தின் ஆரம்பக் கதை என்றாலே முதலாளிகளின் பெயர்கள்தான் வரிசை கட்டி வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஹென்றி ஸ்பென்சர். டொரன்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட மனிதர்.

அன்றைய அரட்டை மேடை யூஸ்நெட். 1979இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் யோசித்தது. நீங்கள் எழுதியதை ஒரு கம்ப்யூட்டர் போன் லைன் வழியாக அடுத்ததற்குத் தள்ளிவிடும், அது அதற்கடுத்ததற்கு. டிஸ்க் யானை விலை விற்ற காலம் என்பதால், கொஞ்ச நாளில் பழையதை அழித்துவிட்டுப் புதியதற்கு இடம் போடுவார்கள். ஸ்பென்சர் மட்டும் 1981 முதல் 1991 வரை காந்த டேப்பில் ஏற்றி வைத்தார். 141 டேப்புகள், சுமார் 20 லட்சம் பதிவுகள். இவ்வளவும் பிழைத்தது விலங்கியல் துறையில் என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

1995இல் வந்த டேஜா நியூஸ் என்ற யூஸ்நெட் தேடல் தளம் தானும் பதிவுகளைச் சேர்க்க ஆரம்பித்தது. அந்தச் சேமிப்பை 2001 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. டிசம்பரில் ஸ்பென்சரின் டேப்புகளும் சேர்ந்து, 20 வருடப் பேச்சு, 70 கோடிக்கு மேல் பதிவுகள், தேடக் கிடைத்தன. தான் எழுதிக்கொண்டிருந்த லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் ‘சும்மா பொழுதுபோக்குக்குத்தான்’ என்று எழுதியதும் யூஸ்நெட்டில்தான். 2024 பிப்ரவரியோடு கூகுள் புதிய யூஸ்நெட் பதிவுகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. பழையது இருக்கிறது. ஆனால் ஊர்ச் சொத்தை ஒரே வீட்டுப் பரணில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நூலகங்களிலும் பிரதி இருக்கவேண்டும். இருபது வயதில் உளறியதை நீக்கச் சொல்லி ஒருவர் கேட்டால் அவர் எழுதியதை மட்டும் எடுத்துவிடலாம், அது நியாயம்தான். அதற்காகக் கூடத்தையே பூட்டக்கூடாது.

சரி, இருந்தால் போதுமா? தேடினால் அகப்படவேண்டாமா? நம்மவர்களுக்கும் அங்கே ஒரு தமிழ்க் குழு இருந்தது. அப்போது தமிழ் எழுத்து ஏறாது, எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ். ‘ழ’வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் இசட், வேறொருவர் எல். ஆக ‘கோழி’யைப் பிடிக்க மூன்று தடவை வலை வீசவேண்டும். நெடிலுக்குச் சிலர் பெரிய எழுத்து வைப்பார்கள். வழக்கமான தேடுபொறிக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். அப்புறமென்ன, ‘கல்’லைத் தேடினால் ‘கால்’ வந்து நிற்கும்.