மடிப்பைப் பார்த்து வெட்டுங்கள்
“பழைய பட்டுப்புடவை எதுவானாலும் பரிசுப்பை தைக்கலாம்” என்று பழைய புடவையில் பை தைப்பது பற்றிய கட்டுரை ஒன்றில் இருக்கிறது. அந்த ‘எதுவானாலும்’தான் இடிக்கிறது. பல வருஷம் ஒரே மடிப்பில் அலமாரியில் கிடந்த பட்டு, அந்த மடிப்பு வழியாகவே இற்றுப்போயிருக்கும். அம்மாவின் புடவையில் தீபாவளிக்கு 6 சுருக்குப்பை தைத்தேன். நாடாவை இழுத்ததுமே 2 கிழிந்தன. அப்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடிப்பை ஒதுக்கி வெட்டி, உள்ளே பருத்தி கொடுத்துத் தைத்தேன், நின்றது. சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மாடித் தையற்கடைகளில் ரவிக்கை வெட்டிய மிச்சத்தைக் கேட்டால் சில அக்காமார் சும்மாவே தருவார்கள், உள்துணிக்கு அது போதும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் துணியைத் துவைக்காமலே தைக்கலாம் என்கிறார். வேண்டாங்க, சுங்குடிப் பருத்திப் புடவையின் சிவப்புச் சாயம் ஒரே துவைப்பில் பக்கத்துத் துண்டிலெல்லாம் ஏறிவிடும். தனியாக ஊறவைத்து, அலசும் தண்ணீர் தெளிந்த பிறகு கத்தரியை எடுங்கள்.