கடல் வந்தால் எங்கே ஓடுவது?

போன வாரம் மகளின் பாடசாலையில் பாதுகாப்பு வாரம். திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில் கிராஅத் (குர்ஆன் ஓதல்), கொடி, அதிபர் உரை, பிரதம அதிதி உரை, பொன்னாடை. செவ்வாய் சித்திரப் போட்டி. புதன்கிழமை பொலிஸ் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து மஞ்சள் கோட்டில் எப்படிக் கடப்பது என்று சொல்லிக்கொடுத்தார். வியாழக்கிழமை தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாடசாலை விடுவதற்கு முன்னால் அவசர அவசரமாகச் சான்றிதழ் கொடுத்து முடித்துவிட்டார்கள். அன்றிரவே படங்கள் எல்லாம் முகநூலில் வந்துவிட்டன. ஐம்பது படங்களில் முப்பதில் பிரதம அதிதி.

மகள் தரம் 3. சித்திரத்தில் இரண்டாம் இடம். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று எரிகிறது, சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் ஏணியில் ஏறுகிறார். நன்றாகத்தான் வரைந்திருந்தாள். எங்கள் ஊரில் மூன்று மாடிக்கு மேல் எழும்பிய வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவள் படிக்கும் வகுப்பறைக்கு அரைச்சுவர்தான். தீப்பிடித்தால் பிள்ளைகள் அந்தச் சுவரைத் தாண்டி, டீச்சருக்கு முன்னால் வெளியே நிற்பார்கள்.

படத்தைச் சுவரில் ஒட்டும்போது கேட்டாள்: "வாப்பா, கடல் வந்தா நாம எங்க ஓடுற?"

"டீச்சர் சொல்லித் தரல்லியா?"

"இல்ல. நெருப்பு வந்தா மட்டுந்தான் சொன்ன."

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. பாடசாலைக்கும் கடலுக்கும் இடையில் இன்னும் குறைவு. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கொஞ்சம் கோபம் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு விடயத்தை எடுத்து வாரம் நடத்துவதற்கு நான் எதிரி இல்லை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்குப் புத்தகத்தைவிட அதுதான் ஒட்டும். போன தவணை நடந்த மாணவர் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கொண்டுபோய் விற்று, மிச்சக் காசு கொடுக்கத் தடுமாறி, அழுது, கடைசியில் கணக்கைச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஒரு மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தும் ஏறாத கழித்தல் அது. சந்தையில் அவளே விற்றாள், அவளே எண்ணினாள். பாதுகாப்பு வாரத்தில் அவள் செய்தது உட்கார்ந்து கேட்டதும் ஒரு படம் வரைந்ததும்தான்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று எனக்கு வயது 14. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) தினம், பாடசாலை விடுமுறை. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் நிலம் அதிர்ந்து எங்கள் கரைக்குத் தண்ணீர் வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம்! மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். நாட்டிலேயே கூடுதலாக இழந்த மாவட்டம் நம்முடையது.

அதற்குப் பிறகு எல்லோரும் சொல்லும் கதை டில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமியுடையது. தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் கடல் நுரைத்து உள்வாங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் புவியியல் பாடத்தில் சுனாமி படித்திருந்தாள். கத்திக் கூச்சல்போட்டுப் பெற்றோரை நம்ப வைத்து, அந்தக் கடற்கரையையே காலி செய்ய வைத்தாள். நல்ல கதைதான். ஆனால் அதை அப்படியே எடுத்து நம் பிள்ளைகளுக்கு "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் ஆபத்து. கடலுக்கடியில் நிலம் பிளந்த இடத்துக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்தில் கடல் முதலில் இறங்கியது. மேற்கே இருந்த நமக்கு முதலில் வந்ததே ஏறிய அலை. உள்வாங்கியது அதற்குப் பிறகு. முதல் தண்ணீர் வடிந்ததும் வீட்டைப் பார்க்கவும் ஆட்களைத் தேடவும் திரும்பிப் போனவர்களைத்தான் அடுத்த அலை கொண்டுபோனது. எங்கள் சாச்சாவும் (வாப்பாவின் தம்பி) அப்படித்தான். ஆகவே எங்கள் பாடசாலையில் சொல்ல வேண்டியது இன்னொரு வரி: ஒரு தடவை தண்ணீர் வந்து போனால் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போகாதே.

நிலநடுக்கமும் நமக்குத் தெரியாது, அது அவ்வளவு தூரத்தில். சிமெலுவே தீவு மக்களுக்குத் தெரிந்தது. சுமாத்திராவுக்கு மேற்கே, நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிகக் கிட்ட இருக்கும் முஸ்லிம்களின் தீவு அது. பத்து நிமிடத்துக்குள் அலை வந்துவிட்டது. ஏறத்தாழ 78,000 பேர் இருந்த இடத்தில் இறந்தவர்கள் 7 பேர். 1907இல் அங்கே ஒரு பெரிய அலை வந்து ஊரையே அழித்திருந்தது. அதை அவர்கள் 'ஸ்மோங்' என்று பெயர் வைத்துப் பாட்டிலும் தாலாட்டிலும் கதையிலும் நூறு வருடம் பேரப்பிள்ளைகளுக்குக் கடத்தினார்கள். நிலம் பலமாக ஆடியதும் ஒருவர் அந்தச் சொல்லைக் கத்த, ஊரே மலைக்கு ஏறிவிட்டது. சைரன் கோபுரமும் கிடையாது, குறுஞ்செய்தியும் கிடையாது.

நமக்கும் தாலாட்டு இருக்கிறது. கிழக்கிலங்கைப் பெண்களின் கவி இருக்கிறது. எதற்கெல்லாமோ கவி கட்டிய சமூகம் இது. எங்கள் உம்மும்மா (பாட்டி) வேளாண்மை வெட்டு, மாப்பிள்ளை, மச்சி என்று எல்லாவற்றுக்கும் பாடுவார். கடல் வந்ததைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. நானும்தான். மகளுக்கு எட்டு வயது. அந்தச் சாச்சா, அவளுக்கு இரண்டாவது மூத்தப்பா (தாத்தா) முறையான ஒருவர், இருந்தார் என்பதே போன வருடம்தான் தெரியும். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் நூலகத்தில் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பதற்குப் பதிலாக, வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் அன்று என்ன நடந்தது என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வா என்று ஒரு டீச்சர் சொன்னால் போதும். அது வாசிப்பு மாதத்துக்குள்ளும் வரும், பாதுகாப்புக்குள்ளும் வரும்.

இன்னொரு பக்கம் ஜப்பானைப் பாருங்கள். 2011 மார்ச்சில் ஒகாவா என்ற ஆரம்பப் பாடசாலையில் 108 பிள்ளைகளில் 74 பேர் இறந்தார்கள். பாடசாலைக்குப் பின்னாலேயே குன்று. ஆசிரியர்கள் எங்கே போவது என்று தீர்மானிக்க முடியாமல் பிள்ளைகளை ஏறத்தாழ 50 நிமிடம் மைதானத்தில் வைத்திருந்தார்கள். வழிகாட்டிக் கோவை இருந்தது. ஆனால் அதில் சுனாமிக்கு இந்த இடத்துக்குப் போ என்று உறுதியாக ஓர் இடம் எழுதப்படவில்லை. பெற்றோர் வழக்குப் போட்டார்கள், 2019இல் அந்த நாட்டின் உயர் நீதிமன்றம்வரை போய் வென்றார்கள். ஒத்திகைக்குப் பெயர் போன ஜப்பானிலேயே இப்படி என்றால், சுற்றுநிருபத்தைப் பார்த்து எழுதி கோப்பில் போட்டு வைத்திருக்கும் நம் பாடசாலைத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது திறந்து பார்த்தோமா? நான் கேட்டேன். கோப்பு அலுமாரியில் இருக்கிறதாம், சாவி லீவில் போன ஆசிரியரிடமாம்.

சரி, சுனாமி என்பது வாழ்நாளில் ஒரு தடவை வருவது என்று சிலர் சொல்வீர்கள். வருடா வருடம் வருவதைப் பேசுவோமா?

2021 நவம்பர் 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டும் வேலை நடந்ததால் மிதவைப் படகில் போன பிள்ளைகள், பாடசாலைக்குப் போகும் வழியிலேயே தண்ணீருக்குள். 2024 நவம்பர் 26, காரைதீவு மாவடிப்பள்ளி வீதி. வெள்ளத்துக்குள்ளால் மத்ரஸாப் பிள்ளைகளை வீட்டுக்கு ஏற்றி வந்த உழவு இயந்திரம் கவிழ்ந்தது. இரண்டும் நவம்பர். இரண்டும் தண்ணீர். இரண்டிலும் போனது நம் பிள்ளைகள். இரண்டிலும் பெரியவர்களின் பிழைதான், பிள்ளைகள் மீது ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும், ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும், ஓர் அடி உயர்ந்தால் சிறிய காரையே மிதக்க வைத்துவிடும் என்பதைத் தரம் 4 பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு விளையாட்டுக் காரும் வைத்துக் காட்டிவிடலாம். அப்படி ஒரு பிள்ளை, "மாமா, இதுக்குள்ள இறக்க வேணாம்" என்று சாரதியிடம் சொல்லக்கூடும். கேட்பார்களா என்பது வேறு விடயம்.

காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலையில் டெங்கு வாரம் நடந்தது ஜூனில். ஜூனில் எங்கள் ஊரில் புழுதி பறக்கும், கிணறு வற்றும். மேல் மாகாணத்தில் மழை, நுளம்பு, டெங்கு எல்லாம் அப்போதுதான். கொழும்பிலிருந்து கடிதம் வருகிறது, நாங்கள் இங்கே வெயிலில் நின்று சிரட்டை பொறுக்குகிறோம். நமக்கு வாடைக்காற்று மழை தொடங்குவது ஒக்டோபர் கடைசியில். டெங்கு ஏறுவதும் அதற்குப் பிறகுதான், டிசம்பர், ஜனவரியில். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்து 440 பேர் இறந்தபோது நாம் எல்லோரும் விழித்தோம், பிறகு தூங்கிவிட்டோம். வெள்ளம், டெங்கு இரண்டையும் ஒக்டோபர் நடுவில் ஒரே வாரமாக வைத்தால் என்ன? வலயக் கல்வி அலுவலகம் தடுக்குமா? தடுக்காது என்றுதான் நினைக்கிறேன். கேட்டால்தானே தெரியும்.

டெங்கு என்றதும் இன்னொன்று. முஸ்லிம் பாடசாலைக்கு என்றே ஒரு வசதி இருக்கிறது: வுழூச் செய்யும் (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும்) இடம். பிள்ளை ஒரு நாளில் ஒரு தடவையாவது அங்கே நிற்கிறது. தண்ணீர் வழிந்து தேங்கும் வடிகானும் அங்கேதான், மூடியில்லாத ஹவுழும் (தண்ணீர்த் தொட்டி) அங்கேதான். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், பாடசாலை நேரத்தில். சுத்தம் ஈமானில் பாதி என்று சுவரில் அழகாக எழுதி வைத்துவிட்டு அதன் கீழேயே நுளம்பு வளர்த்துக்கொண்டிருக்கிறோம். பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவைப் பேச அழைப்பதற்குப் பதில், ஆளுக்கொரு டோர்ச் கொடுத்து நுளம்புக் குடம்பி தேடச் சொன்னால் தரம் 2 பிள்ளைகள் பாடசாலையையே தலைகீழாகப் புரட்டிவிடும்.

வீதிப் பாதுகாப்பு வகுப்பும் அப்படித்தான். மஞ்சள் கோடு நல்லது. ஆனால் அந்தப் பொலிஸ்காரர் பேசி முடித்து வெளியே வந்தபோது, வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளில் வாப்பாவும் மூன்று பிள்ளைகளும். தலைக்கவசம் கைப்பிடியில் தொங்குகிறது. பின்னால் இருந்த பெண்பிள்ளையின் பர்தா நுனி சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே ஆடுகிறது. உம்மாமார் எத்தனை பேர் அபாயா சக்கரத்தில் சிக்கி விழுந்திருக்கிறார்கள் என்று எங்கள் வைத்தியசாலை விபத்துப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது உடுப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். யாரும் சொல்லவில்லை. (அந்த வாப்பா நான் இல்லை. ஆனால் இரண்டு நாளைக்கு முன்னால் நானாகவும் இருந்திருப்பேன்.)

இன்னொரு விடயம், சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல தொடுகை, கெட்ட தொடுகை பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் தயாராக இருந்தார் என்றும், "பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்" என்று அது நிறுத்தப்பட்டது என்றும் கேள்விப்பட்டேன். பெற்றோராகச் சொல்கிறேன்: சண்டைக்கு வர மாட்டேன். என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். அவ்ரத் (உடம்பில் மறைக்க வேண்டிய பகுதி) என்றால் என்ன என்று ஐந்து வயதில் சொல்லிக்கொடுக்கிறோம். அதை யாராவது தொட்டால் உம்மாவிடம் சொல், சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு எடுக்கலாம் என்று சொல்ல ஏன் நா கூச வேண்டும்? ஆள் உஸ்தாதாக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும் சொல் என்பதையும் சேர்த்துத்தான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று ஒரு பிள்ளையும் வகுப்பறையில் இல்லை. வீட்டில், கடற்கரையில், கடையில், உம்மும்மா வீட்டில். மணி அடித்து வரிசையாக மைதானத்துக்குப் போகும் ஒத்திகை அன்று எவருக்கும் உதவியிருக்காது. தேசிய பாதுகாப்பு தினம் என்று டிசம்பர் 26இல் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறோம், அதுவும் பெரும்பாலும் விடுமுறையில்தான் வருகிறது. அதனால் ஒத்திகை வீட்டுக்கு வர வேண்டும். உன் வீட்டிலிருந்து எந்த வீதியால் மேற்கே போவாய், எந்த மாடி உயரம், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தால் யாரோடு போவாய், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு யார் எடுப்பது. ஒரு தாளில் இந்த நான்கு கேள்வியையும் அச்சடித்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் பொன்னாடை வாங்கும் காசு மிஞ்சும்.

பாடசாலை கொடுக்கவில்லை. நாங்களே எழுதினோம்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மகளும் நானும் உம்மும்மாவும் வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு அப்பால் இருக்கும் மாடிக் கட்டடம்வரை நடந்தோம். கைபேசியில் நேரம் வைத்தோம். மகள் மட்டும் ஓடினால் 6 நிமிடம். நான் அவளைத் தூக்கிக்கொண்டு போனால் 8. உம்மும்மாவுக்கு முழங்கால் வலி, இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறி 23 நிமிடம். மாடிப்படி அதற்குள் சேரவில்லை.

மகள் மூன்றையும் கொப்பியில் எழுதினாள். எழுதி முடித்து என்னைப் பார்த்தாள்.

"வாப்பா வேலைக்குப் போன நேரம் கடல் வந்தா உம்மும்மாவ யார் கூட்டிட்டு வாற?"

பக்கத்து வீட்டுத் த்ரீவீல்காரத் தம்பியிடம் இன்று மஃரிபுக்குப் பிறகு பேசப் போகிறேன்.