‘ஆல் பாஸ்’ என்று சட்டத்தில் எந்த வரியில் இருக்கிறது?

அந்த வீடியோவை இதுவரை ஏழு பேர் ஆசிரியரான எனக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு வரி வாசிக்கத் திணறுகிறது. கீழே தீர்ப்பு: “ஆல் பாஸ் போட்டதன் பலன்.” பிள்ளையின் முகத்தை மறைக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. போகட்டும், தீர்ப்புக்கு வருகிறேன்.

2009 கல்வி உரிமைச் சட்டம் மதிப்பீட்டை ஒழிக்கவில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை பொதுத்தேர்வில் தேற வேண்டியதில்லை என்றது பிரிவு 30. யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்காதே என்றது, 2019இல் திருத்துவதற்கு முந்தைய பிரிவு 16. இந்த இரண்டும் எல்லோருக்கும் மனப்பாடம். பிரிவு 29 தொடர் மதிப்பீடு வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்றலையும் பார்த்து, தேவையானால் கூடுதலாகச் சொல்லிக்கொடு என்று பிரிவு 24 ஆசிரியருக்குக் கடமையே விதிக்கிறது. அதை யாராவது ஃபார்வர்டு செய்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு பரீட்சையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வேலையை வைத்தது சட்டம். பரீட்சையை எடுத்தோம். வேலையைச் செய்யவில்லை.

நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2012-13இல், வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டில் (அ) செயல்பாடுகளுக்கு 20, (ஆ) சிறு தேர்வுகளுக்கு 20, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. காகிதத்தில் அருமை. 35 பிள்ளைகள், ஐந்து பாடம், (அ) நாலு, (ஆ) நாலு என்று வைத்தாலே ஒரு பருவத்துக்கு 1,400 பதிவு. ஈராசிரியர் பள்ளியில் யார் எழுதுவது? கடைசி வாரத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் வளரறியில் 40-க்கு 36, 37 என்று நிரப்புவதுதான் நடக்கும். குறைத்துப் போட்டால் விளக்கம் கேட்பார்களே! தொகுத்தறியில் 18 வாங்கிய பிள்ளைக்கு 36 சேர்ந்து 54, சி1 கிரேடு. வாசிக்கத் தெரியாத பிள்ளை மறைந்துபோவது இந்த 36-க்குள்தான்.

“ஃபெயில் பயம் இருந்தால்தானே படிப்பான்?” என்பார்கள். 2019 திருத்தம் அந்த வழியையும் மாநிலங்களுக்குத் திறந்தது: ஐந்திலும் எட்டிலும் தேர்வு, தவறினால் கூடுதல் பயிற்சி, இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தவறினால் நிறுத்திவைக்கலாம். நம் அரசு அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டது. நல்லது. ‘க’வுக்கும் ‘கா’வுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையை அதே வகுப்பில், அதே பாடத்தோடு, இன்னொரு வருடம் உட்கார வைத்தால் துணைக்கால் தானாக முளைக்குமா?

சரி, பரீட்சை இருந்தால் பெற்றோருக்கு நிலவரம் தெரியும் என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கொஞ்சம்தான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. பத்து வார்த்தை, நாலு வரிப் பத்தி, தனித்தனியாக வாசிக்கவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். எழுத்தில் தடுமாறுகிறவர், சொல்லில் தடுமாறுகிறவர், வாசிப்பவர் என்று பிரியுங்கள். தினம் முக்கால் மணி நேரம் அந்தந்த நிலைக்கே பாடம். ஆறு வாரம் கழித்து மறுபடி வாசிக்கவிடுங்கள். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளும் இதே யோசனைதான். ஆனால் அதுவும் செயலியில் விவரம் ஏற்றும் வேலையாகச் சுருங்கும்போது, சர்வர் சுற்றுகிற நேரமெல்லாம் வாசிப்பு நேரத்திலிருந்துதான் போகிறது.

“ஆசிரியர்களுக்குச் சாக்குச் சொல்லத்தான் தெரியும்” என்று கமென்ட் வரும். வரட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு எங்களை அனுப்பக்கூடாது என்று பிரிவு 27-உம் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அது மீறப்படுகிற அன்று பூட்டிக் கிடக்கும் வகுப்பையும் வீடியோ எடுத்து அனுப்புங்கள். அங்கே மறைக்க முகம்கூட இருக்காது.