அந்தப் பெட்டியால் பில் குறையாது

ஞாயிற்றுக்கிழமை நம் தெரு குரூப்பில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். கரண்ட் பில் குறையும் என்று சொல்லி ஒரு அண்ணன் பவர் சேவர் பெட்டி விற்கிறார். "பவர் சேவர் வாங்காதீங்க" என்று ஒரே ஒரு வரி போட்டேன். பொறாமை என்றார்கள். "நீ என்ன இன்ஜினியரா?" என்றார்கள். கடைசியில் குரூப்பை விட்டே தூக்கிவிட்டார்கள். சரி, இங்கே சொல்கிறேன். ப்ளக்கில் சொருகுகிற அந்தப் பெட்டியால் வீட்டு பில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

நான் இன்ஜினியர் இல்லை, ஐடிஐ படித்த வயர்மேன். செங்கோட்டையில் எத்தனையோ வீட்டுக்கு வயர் இழுத்தவன். அப்பா வாங்கிய பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு கெப்பாசிட்டர், பச்சை லைட் எரிய ஒரு சின்ன போர்டு, அவ்வளவுதான். மோட்டாரை ஓடவிட்டு, யூனிட் ஓடுவதைக் காட்ட மீட்டரில் மினுக்குகிற சிவப்பு லைட்டை எண்ணினேன். பெட்டியைச் சொருகினாலும் கழற்றினாலும் அதே எண்ணிக்கை.

"பெரிய ஃபேக்டரியில் கெப்பாசிட்டர் வைக்கிறார்களே?" வைக்கிறார்கள். பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற கரண்டில் வேலைக்கு ஆகிற பங்கு, குறைந்தால் அவர்களுக்கு அபராதம் உண்டு; கெப்பாசிட்டர் அதைச் சரிசெய்யும். வீட்டுக்கு அந்தக் கணக்கே கிடையாது. நமக்கு யூனிட்டுக்குத்தான் காசு.

"எங்க வீட்டில் குறைஞ்சுதே?" அப்பாவும் இதையேதான் சொன்னார். மே மாதம் வாங்கினார், ஆகஸ்ட் பில் குறைந்தது, தெருவெல்லாம் காட்டினார். சாரல் விழுகிற மாதத்தில் நம் ஊரில் ராத்திரி யார் ஃபேன் போடுகிறார்கள்? போதாததற்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த விலையும் போய்விடும். அந்தக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பதிலேயே பில் எகிறும், இறங்கும். அடுத்த கோடையில் பில் பழையபடி ஏறியது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்கப் படுத்திருந்தார். அதைப் பார்த்தவன் நான்.

மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட், புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சம். விலை கூடத்தான். ஆனால் அது உண்மையிலேயே குறைவாகக் கரண்ட் இழுக்கிறது.

"அவர் பிழைப்பைக் கெடுக்காதே" என்று எழுதியவர்களே, எங்கள் எதிர் வீட்டு அக்காவின் பிழைப்பு? பீடி சுற்றிச் சேர்த்த காசில் 1,500 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். வீட்டில் ஒரு ஃபேன், இரண்டு லைட், ஒரு டிவி. 100 யூனிட் வரை இலவசம் என்பதால் பல தடவை அவருக்குக் கட்ட வேண்டிய பில்லே வந்ததில்லை. இதைத் தெரிந்துகொண்டே விற்றீர்களா அண்ணே? குரூப்பில் என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். அந்த அக்காவின் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.